வலப்பக்கத்துக் கேள்விகள்

டி. கல்லுப்பட்டி
04.05.2025, ஞாயிறு

மதினிக்கு,

தாமரைச்செல்வி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நலமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும், அதனால் கேட்கவில்லை.

ஆறு வாரமாக என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள். குடும்பக் குழுவில் காலை வணக்கம் போடுகிற எல்லோருக்கும் பூப் போடுகிறீர்கள், எனக்கு மட்டும் கட்டைவிரல். கல்லூரியில் ஐந்து வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை, பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியாக வந்தவளை, 'நீங்கள்' போட்டு எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதலில் 'நீங்க' போட்டது நானில்லை.

கடிதத்தை அண்ணன் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிறுதோறும் அம்மாவைப் பார்க்க வருகிறவன், போகும்போது கருவாட்டுப் பொட்டலத்தோடு இதையும் கொண்டுவருவான். பிரித்துப் படிக்க மாட்டான். நாம் இரண்டு பேர் எழுதினால் அதில் கணக்குதான் இருக்கும் என்று அவனுக்குப் பயம்.

இன்று சாப்பிடும்போது சொன்னான்: "அவ மூணாவது தடவையா எழுதப் போறா. தலகாணி தண்டிக்கு ஒரு பொஸ்தகம் வாங்கிருக்கா. தூக்கிப் போட்டா தேங்கா ஒடையும்."

அம்மா கேட்டது: "இன்னமும் அந்தச் சாவுக் கணக்குப் பரீட்சையவா கட்டிக்கிட்டு அழுகுறீக ரெண்டு பேரும்?"

யார் எத்தனை வயதுவரை இருப்பார், எந்த வண்டி எப்போது மோதும், அதற்குக் காப்பீட்டுக் கம்பெனி எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும் என்று கணிக்கிற படிப்பு இது, வெறும் சாவு மட்டுமில்லை என்று நூறாவது முறையாக விளக்கினேன். "எதா இருந்தாலும் மொகத்தக் கழுவிட்டுப் படிங்க" என்று எழுந்து போய்விட்டது.

அண்ணன் இன்னொன்றும் சொன்னான். சென்னையில் ஒரு காப்பீட்டு அலுவலகம் உங்களுக்கென்று ஒரு பயிற்சி வேலையை ஒதுக்கி வைத்திருக்கிறதாம். ஆகஸ்ட் முடிவதற்குள் இந்த நிகழ்தகவுத் தேர்வில் தேறிவிட்டேன் என்று காட்டினால்தான் கிடைக்குமாம். அப்படியென்றால் ஜூலையில் எழுதப்போகும் ஒரு முறைதான் மிச்சம்.

அதனால் ஒரே ஒரு கேள்வி. என்மேல் இருக்கிற கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்தத் தலையணைப் புத்தகம் எந்த வருடத்துப் பதிப்பு?

தாமரை


வில்லாபுரம்
11.05.2025, ஞாயிறு

நாத்தனார் தாமரைச்செல்விக்கு,

2019.

நீங்கள் ஏன் கேட்டீர்கள் என்று யோசித்து, அன்றைக்கே இப்போதைய பாடத்திட்டத்தை இறக்கி வரிக்கு வரி ஒப்பிட்டேன். டபுள் இன்டக்ரேஷன் அத்தியாயத்தையே எடுத்துவிட்டார்கள். நான் ஐந்து வாரமாக அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். டியூஷன் பிள்ளைகள் வருவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், போன பிறகு ஒரு மணி நேரம். யாரும் கேட்கப்போகாத கணக்கில் நான் இப்போது புலி. நன்றி. எழுதப் பிடிக்கவில்லை, ஆனாலும் நன்றி.

என்னிடம் இருப்பவற்றைச் சொல்கிறேன். நீங்கள் தேறியவர், பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று அந்தத் தலையணை. இரண்டாவது, போனில் கேள்வி கேட்கும் ஒரு செயலி; நாம் சரியாகப் போடப் போடக் கேள்வியைக் கடினமாக்கிக்கொண்டே போகும். மூன்றாவது, ஒரு வாத்தியாரின் காணொளிகள். அவர் சொல்லும்போது எல்லாம் விளங்குகிறது, நிறுத்திவிட்டால் ஒன்றும் நினைவில்லை. அப்புறம் தேர்வு நடத்துகிறவர்களே இலவசமாகப் போட்டிருக்கும் மாதிரிக் கேள்விகள், சில நூறு. எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு எதையும் முடிக்காமல் இருக்கிறேன்.

ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. உங்கள் நோட்டு.

மார்ச் தேர்வுக்கு முன்னால் உங்கள் நோட்டை ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்தீர்கள். நூற்றிருபது தாள், ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வி. கேள்விக்குக் கீழே வெறும் வெள்ளை, ஒரு வரி விடை கிடையாது. போனில் கேட்டேன், "இம்புட்டுதானாடி?" என்று. "அம்புட்டுதான், அதப் போட்டாப் போதும்" என்றீர்கள். விடையெல்லாம் உங்களிடம் இருந்தது. பத்துக்கு ஆறு எடுத்தால் தேர்ச்சி; நீங்கள் ஆறு வாங்கித் தேறினீர்கள். நான் ஐந்து வாங்கித் தோற்றேன். அன்று சாயங்காலம் உங்கள் வீட்டு லட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. உங்கள் அண்ணன் இரண்டு தின்றார்.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் அழுதுவிடுவேன், அப்புறம் கணக்கு ஓடாது.

சத்யப்ரியா


டி. கல்லுப்பட்டி
18.05.2025

ப்ரியா,

நீங்களும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியில் இருந்து என் நோட்டை எடுத்துவந்து கட்டிலில் விரித்தேன். வலப்பக்கம் கேள்வி. அதற்கு எதிரே, இடப்பக்கம், பென்சிலில் விடை. நூற்றிருபது கேள்விக்கும் இருக்கிறது. ஒரு விடையைக்கூட உன்னிடமிருந்து மறைக்க எனக்குத் தோன்றியதில்லை.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நோட்டை ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோனது நானில்லை. உன் வீட்டுக்காரர்.

இன்று வந்தவனைச் சோற்றில் கை வைத்த பிறகு பிடித்தேன், எழுந்து ஓட முடியாதபடி. "ஜெராக்ஸ் கடையில என்ன சொன்ன?" என்றேன்.

"வலது பக்கம் மட்டும் போடுங்கண்ணேன்னு சொன்னேன்."

"ஏன்?"

"எடது பக்கம் பூராம் பென்சில்ல கிறுக்கிக் கெடந்துச்சு. ரஃப் ஒர்க்குன்னு நெனச்சேன். நம்ம ஸ்கூல்ல எடது பக்கம் ரஃப், வலது பக்கம் ஃபேர் காப்பிதான?"

அவனைக் குறை சொல்லவும் முடியவில்லை. நமக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான்தான் தலைகீழாக எழுதியிருக்கிறேன். "அதப் போட்டாப் போதும்" என்று நான் சொன்னபோது, கேள்வியும் விடையும் சேர்ந்து உன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சொன்னேன். எட்டு வாரம் நீ என்னைக் களவாணி என்று நினைத்திருக்கிறாய். எனக்கும் கோபம் வருகிறது. ஐந்து வருடம் கூட இருந்தவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அண்ணன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டான். வீட்டுக்கு வந்தால் திட்டாதே. நான் திட்டியதே ஒரு மாதத்துக்குப் போதும்.

அசல் நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். வைத்துக்கொள், திருப்பித் தரவேண்டாம். ஆனால் ஒன்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. விடையே இல்லாத நூற்றிருபது கேள்வியை வைத்துக்கொண்டு நீ எப்படி ஐந்து வாங்கினாய்? அந்த வெள்ளைத் தாள்களில் என்ன செய்தாய்?

தாமரை


வில்லாபுரம்
01.06.2025

தாமரை,

உன் அண்ணனைத் திட்டவில்லை. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் அவரே வந்து, "மொத்தக் கடையவும் வேணா ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன், பேசு" என்றார். சிரித்துத் தொலைத்துவிட்டேன்.

உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காதது என் தப்பு. தோற்று வந்தவளுக்கு யாரையாவது காரணம் காட்ட வேண்டியிருந்தது, நீ பக்கத்தில் இருந்தாய்.

நோட்டு வந்தது. நான் இன்னும் பிரிக்கவில்லை. பீரோவுக்குமேல் நூல் கட்டிக் கிடக்கிறது. ஏன் என்று சொல்கிறேன்.

உன் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். விடை இல்லையே என்ற வயிற்றெரிச்சலில் ஒவ்வொரு தாளின் பின்பக்கமும் நானே போட்டிருக்கிறேன். சரியா என்று பார்க்க விடை கிடையாது, அதனால் ஒன்றையே இரண்டு வழியில், சிலதை மூன்று வழியில் போட்டு, எல்லாம் ஒரே எண்ணுக்கு வந்தால்தான் விட்டிருக்கிறேன். மார்ச்சில் எண்பது வரைக்கும்தான் முடிந்தது. மிச்ச நாற்பது தாளின் பின்பக்கம் காலி. தேர்வில் நான் கோட்டை விட்டவை பெரும்பாலும் அந்த நாற்பதின் சாயல்தான்.

இதைப் பார்த்தபிறகு என்னிடம் இருக்கிற எல்லாவற்றையும் ஒரு சோதனை வைத்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. ஒரே பாடத்தை ஒவ்வொன்றிலும் படிப்பது. பிறகு எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு உன் அண்ணனுக்குச் சொல்லிப் பார்ப்பது. அவர் தலையாட்டினால் அந்தப் புத்தகம் தேறியது. கேள்வியும் அவர் கடைக் கேள்வியாகவே வைத்தேன். மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்கு எரிந்த மோட்டார்தானே உலகம்.

"எரிஞ்சு வர்ற மோட்டார்ல, போர்ல தண்ணி இல்லாம ஓட்டி எரிஞ்சது எம்புட்டு இருக்கும்?" என்றேன்.

"பத்துக்கு ஒம்பது" என்றார், யோசிக்காமல்.

நூறு மோட்டார் இருக்கிறது என்று வை. இருபது, தண்ணீர் வற்றிய போரில் ஓடுகிறது. அதில் பாதி, அதாவது பத்து, எரிந்துவிடும். மிச்ச எண்பது தண்ணீருள்ள போரில் ஓடுகிறது. கரண்டு கூடிக் குறைந்து பத்தில் ஒன்று, அதாவது எட்டு, எரியும். கடைக்கு வருவது பதினெட்டு. அதில் தண்ணீர் இல்லாமல் எரிந்தது பத்து. பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

அவர் சட்டினியைத் தொட்டுக்கொண்டே விரலால் தட்டில் எண்ணினார். "அப்ப தண்ணியில்லாம ஓட்டுனீகன்னு நான் பாதிப் பேர அநியாயமா ஏசியிருக்கேன்" என்றார். விளங்கிவிட்டது.

இந்த விளக்கம் தலையணைப் புத்தகத்தில் இல்லை, அதில் சூத்திரம்தான் இருந்தது. காணொளியில் இருந்தது, ஆனால் அதைப் பார்த்து என்னால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. செயலி நான் தப்பாகப் போட்டதும் விடையைக் காட்டிவிட்டது, எனக்கு யோசிக்க இடமே தரவில்லை. நூறு மோட்டார் என் பழைய தாளில் இருந்து வந்தது, பதினாறாம் கேள்வியின் பின்பக்கம். அங்கே நூறு பஸ் என்று எழுதியிருந்தேன்.

அதனால்தான் உன் நோட்டைப் பிரிக்கப் பயமாக இருக்கிறது. பிரித்தால் பார்த்துவிடுவேன். ஆனால் ஒன்றே ஒன்று மட்டும் நீ நினைவிலிருந்து சொல். நாற்பத்தேழாவது கேள்வி: ஒரு இயந்திரத்தின் ஆயுள் எக்ஸ்பொனென்ஷியல் விதிப்படி, சராசரி பத்து வருடம். ஏற்கெனவே ஆறு வருடம் ஓடிவிட்டது. இன்னும் சராசரியாக எத்தனை வருடம் ஓடும்? மூன்று வழியில் போட்டேன். மூன்றிலும் பத்து வருகிறது. ஆறு வருடம் ஓடின மோட்டார் புது மோட்டார் மாதிரியே இன்னும் பத்து வருடம் ஓடுமாம். உன் அண்ணன், "கிறுக்குத்தனமா இருக்கு, நாலுதான்" என்கிறார். நீ என்ன போட்டிருந்தாய்?

ப்ரியா


டி. கல்லுப்பட்டி
15.06.2025

ப்ரியா,

நோட்டு உன்னிடம் இருக்கிறது, ஆனால் நாற்பத்தேழு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பென்சிலில், பத்தில் ஆறு போனால் நாலு. பக்கத்தில் பெரிய டிக். மார்ச் தேர்வில் அதே சாயலில் ஒன்று வந்தது. அங்கேயும் அப்படியே கழித்துப் போட்டுவிட்டு, சுலபமாக ஒன்று வந்ததே என்று சந்தோஷப்பட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். பத்துதான். அந்த விதியில் இயந்திரத்துக்குத் தன் வயது தெரியாது. ஒவ்வொரு நாளும் புதிதாக வாங்கின நாள் மாதிரி. அண்ணன் சொல்வதும் சரிதான், அவன் கடைக்கு வருகிற மோட்டார் அந்த விதிப்படி ஓடுவதில்லை. தேர்வில் கேட்பது அந்த மறதிக்கார மோட்டாரை.

அப்படியானால் பார். ஜெராக்ஸ் ஒழுங்காக எடுத்திருந்தால் என் தப்பான நாலு உனக்கும் வந்திருக்கும். நீயும் டிக் போட்டிருப்பாய்.

இதை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவைத்து, ஒரு வாரம் கழித்துத் திரும்ப எடுக்கிறேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் தேறியது பழக்கத்தில். கேள்வியின் முகத்தைப் பார்த்ததும், இது அந்தப் பக்கத்துக் கேள்வி என்று விடை கைக்கு வந்துவிடும். ஏன் என்று கேட்டால் தெரியாது. ஏப்ரலில் இரண்டாவது தேர்வு, வட்டிக் கணக்குத் தேர்வு, எழுதப் போனேன் இல்லையா? அதில் முகம் தெரிந்த கேள்வி ஒன்றுகூட வரவில்லை. தோற்றுவிட்டேன். எழுதி முடித்ததும் கம்ப்யூட்டரிலேயே காட்டிவிட்டது. அம்மாவிடம் ரிசல்ட் இன்னும் வரவில்லை என்று சொல்லி இரண்டு மாதம் ஆகிறது. லட்டு கொடுத்த வீடு, எப்படிச் சொல்ல? அண்ணனுக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்தும்போது 'ஏன் டீச்சர்' என்று எவளாவது கேட்டால் அடுத்த கணக்குக்குத் தாவிவிடுகிறேன்.

ஆகஸ்டில் திரும்ப எழுதுகிறேன். உன் தாள்களின் பின்பக்கத்தை எனக்குக் காட்டுவாயா? விடைக்காக இல்லை. நீ எங்கே நின்று யோசிக்கிறாய் என்று பார்க்க வேண்டும்.

தாமரை


வில்லாபுரம்
29.06.2025

ஏய் தாமரை,

இரண்டு மாதம் இதை ஒற்றை ஆளாக எப்படிச் சுமந்தாய்? போனை எடுத்துக் கூப்பிடப் போனேன். உன் எண்ணைத் தடுத்தவள் நான்தான் என்பது அப்புறம்தான் உறைத்தது. பாவி, எத்தனை முறை அடித்தாயோ. தேர்வு முடியும்வரை அது அப்படியே இருக்கட்டும், பேசினால் விடையைக் கேட்டுவிடுவேன்.

எண்பது தாளையும் ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன், இரண்டு பக்கமும். நானே கடையில் நின்று ஒவ்வொரு தாளாகத் திருப்பிக் கொடுத்தேன். உன் அண்ணனை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.

உன் நோட்டையும் நூல் பிரிக்காமல் அனுப்புகிறேன். எனக்கு இனி அது வேண்டியதில்லை. முடிவு பண்ணிவிட்டேன்: தேர்வு நடத்துகிறவர்களின் மாதிரிக் கேள்விகள், உன் கேள்வியில் மிச்சமிருக்கும் நாற்பது தாள், அவ்வளவுதான். காணொளியை நிறுத்திவிட்டேன். செயலியைக் கடைசி வாரம் கடிகாரம் வைத்துப் பழக மட்டும் திறப்பேன். தலையணை உன் அண்ணன் கடையில் மோட்டார் உருளாமல் அடியில் அண்டக்கொடுக்க உதவுகிறது.

இது சரியான முடிவா என்று எனக்கே தெரியவில்லை. இருபது நாளில் நாற்பது தாள். தப்பாகப் போய்விட்டால் சென்னை வேலை போனது போனதுதான், இன்னொரு முறை ஒதுக்கி வைக்க மாட்டார்கள். படுத்தால் அதுதான் ஓடுகிறது.

ஒன்று ஞாபகம் வருகிறது. எம்.எஸ்சி. படிக்கும்போது கீழக்குயில்குடிக் குளத்தங்கரையில் உட்காருவோமே. நீ கேள்வியை வாசிப்பாய். நான் மண்ணில் குச்சியால் போடுவேன். நீ ஒரு நாளும் குச்சியை வாங்கியதில்லை. நானும் கொடுத்ததில்லை.

ப்ரியா


டி. கல்லுப்பட்டி
13.07.2025

ப்ரியா,

தாள்கள் வந்ததிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அதுதான் வேலை. இருபத்திரண்டாம் தாளில் பாதி வரை போய், அடித்துவிட்டு, 'இல்லை, இது முட்டாள்தனம்' என்று எழுதி மறுபடி தொடங்கியிருக்கிறாய். அந்த அடித்த பாதியில்தான் எனக்கு விளங்கியது. என் நோட்டில் அடித்தல் திருத்தலே கிடையாது. அதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "ஒரு லட்டு குடுத்ததுக்கு ரெண்டு மாசமா என் மொகத்தப் பாக்கலயாக்கும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனது.

சனிக்கிழமை தேர்வு. கால்குலேட்டருக்குப் புது பேட்டரி போட்டாயா? அடையாள அட்டையை மறக்காதே. நாற்பதில் எத்தனை முடிந்தது என்று கேட்கமாட்டேன்.

தாமரை


மதுரை, தேர்வு மையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை
19.07.2025, சனி

தாமரை,

பத்து நிமிடத்துக்கு முன்னால்தான் வெளியே வந்தேன். உன் அண்ணன் வண்டியை நிழலில் நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். "ஒரு டீ சொல்லுங்க, ஒரு கடுதாசி எழுதிட்டு வாரேன்" என்றேன். நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். நிற்கட்டும், ஒற்றைப் பக்க ஜெராக்ஸுக்கு இதுதான் தண்டனை. முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும்.

முடிந்தது முப்பத்தொரு தாள். ஒன்பது காலியாகவே கிடந்தது. அந்த ஒன்பதின் சாயலில் மூன்று கேள்வி வந்தது. இரண்டைக் குருட்டாம்போக்கில் அடித்தேன். மறதிக்கார மோட்டாரும் வந்தது, வேறு பெயரில். விடை வரிசையில், உன்னைப் போலக் கழித்தால் வருகிற தப்பான எண் முதலிலேயே உட்கார்ந்திருந்தது. உன்னை நினைத்துச் சிரித்துவிட்டேன். மேற்பார்வைப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கடைசிப் பொத்தானை அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்து, நம்பாமல், அந்தப் பெண்ணையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். தேறிவிட்டேன், தாமரை.

சென்னைக்குப் போனால் கடையை என்ன செய்வது என்று நேற்று இவரிடம் கேட்டேன். "மெட்ராஸ்லயும் மோட்டார் எரியத்தான செய்யும்" என்றார். இந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்ய, கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும்.

உன் எண்ணை இப்போதுதான் விடுவித்தேன். ஆனால் கூப்பிடாதே, ஆகஸ்ட் தேர்வு முடியட்டும். போனில் பேசினால் நான் விடையைச் சொல்லிவிடுவேன். நாளைக்கு இவர் அங்கே வரும்போது ஒரு புது நோட்டு கொடுத்து அனுப்புகிறேன். வட்டிக் கணக்குக் கேள்விகளை நான் வலப்பக்கம் எழுதி வைத்திருப்பேன். விடை எழுத மாட்டேன். இடப்பக்கம் பூராவும் உனக்கு. பேனாவால் போடு, அடித்ததை அழிக்காதே. அடுத்த ஞாயிறு எனக்கு அது வந்து சேர வேண்டும்.

ப்ரியா